ஹாஸ்டல் கொடியில் நடக்கும் பந்தி

சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவரிடமிருந்து கேள்வி வந்திருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் மொட்டைமாடியைப் பூட்டிவிட்டார்களாம். மூன்று பேர் இருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்தி, கொடி கட்டி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் துணி காயப்போடுகிறார்கள். காலையில் பார்த்தால் ரேயான் குர்தி ஈரமாகவே இருக்கிறது, உள்ளாடைகளில் ஒரு வாடை வருகிறது. ஆன்லைனில் விற்கும் குட்டி ஈர உறிஞ்சி இயந்திரத்தை வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மழை பெய்துகொண்டிருந்தாலும்.

அவருடைய அறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி என்று வைத்துக்கொண்டால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். 28 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 27 கிராம் நீராவி வரைதான் தாங்கும். நவம்பரில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்பது சாதாரணம். அப்படியானால் 23 கிராம் ஏற்கெனவே அதில் ஏறியிருக்கிறது, மிச்ச இடம் நான்கே கிராம். அறை முழுவதற்கும் சேர்த்து 140 கிராம் தேறும். கையால் நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில்கூட ஏறக்குறைய அதன் எடையளவுக்கு நீர் தங்கியிருக்கும். ஒரு குர்தி, பேன்ட், துப்பட்டா என்றால் அரை லிட்டர். போதாததற்கு, சும்மா தூங்கும் மனித உடம்பே மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை மூச்சாகவும் வியர்வையாகவும் வெளியே விடுகிறது. மூன்று பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். சாத்திய அறையில் ஒரு செட் துணி முழுதாகக் காய்வதற்கே இடமில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். துணியிலுள்ள நீர் மூலக்கூறுகள் பசியோடு வந்த விருந்தாளிகள், காற்றில் உள்ள காலி இடம் அவர்களுக்குப் போட்ட இலை. மண்டபத்தில் 140 இலைதான் இருக்கிறது, வந்திருப்பவர்களோ ஐந்நூறு பேர். சாப்பிட்டவர்கள் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வாசல் வழியாகக் கிளம்பினால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். அந்த வாசல்தான் ஜன்னல். ஃபேனின் வேலை வேறு. ஈரத்துணியை ஒட்டி, மில்லிமீட்டர் கணக்கில், அசையாத காற்றுப் படலம் ஒன்று படிந்திருக்கும். நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடிக்க நிற்பவர்களைப் போல அதில் நீராவி நெருக்கியடித்து நிற்கும். ஃபேன் காற்று அந்தப் படலத்தை மெலிதாக்கி, நிற்பவர்களைக் காலி இலைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வாசல் சாத்தியிருந்தால் அது கூட்டத்தை மண்டபத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நகர்த்தும், அவ்வளவுதான். இரவெல்லாம் ஃபேன் ஓடியும் துணி காயாததன் காரணம் இது.

மழையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்பது நியாயமான சந்தேகம். வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 22 கிராம் நீராவி இருக்கிறது. மனிதர்களும் லேப்டாப்பும் சூடாக்கிய 28 டிகிரி அறைக்குள் அது நுழைந்ததும் அதே 22 கிராம் 80 சதவீதமாகிவிடுகிறது. காற்று சூடானதால் இலைகள் கூடிவிட்டன. கன மீட்டருக்கு ஐந்து கிராமுக்கு மேல் இடம் கிடைக்கிறது. சாரல் படாமல் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும். கதவுக்கு மேலே திறப்பு இருந்தால் அதையும் சேர்த்துத் திறங்கள், காற்று குறுக்கே ஓடட்டும். வெளியே உள்ளே இரண்டும் ஒரே வெப்பம் என்றால் இந்த லாபம் குறையும். மழை நாளில் பெரும்பாலும் வெளியேதான் குளிர்ச்சி.

வரலாறு கொஞ்சம். ஆவியாதலின் வேகம் நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ள ஆவியழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது என்று 1802-இல் சொன்னவர் ஜான் டால்டன். அணுக்கொள்கைக்காக நாம் மனப்பாடம் செய்த அதே டால்டன்தான். 1787 முதல் 1844-இல் இறக்கும்வரை வானிலைக் குறிப்பு எழுதிவந்தவர். சூத்திரம் இங்கே வேண்டாம்.

என்னை இன்றும் வியக்கவைப்பது துணியின் குளிர்ச்சி. 500 கிராம் நீர் ஆவியாக சுமார் 1,200 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. அடுப்பு இல்லை, வெயில் இல்லை, துணி அதை அறைக் காற்றிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் காய்ந்துகொண்டிருக்கும் துணி மண்பானை போல அறையைவிடச் சில்லென்று இருக்கிறது. நூலிழைகளுக்கு நடுவில் நீர் இருக்கும்வரை இந்தக் குளிர்ச்சி அப்படியே நிற்கும், காயும் வேகமும் சீராக இருக்கும். அது தீர்ந்ததும் வேகம் சட்டென்று குறைகிறது. இனி மிச்சம், இழைக்குள்ளேயே செல்லுலோஸ் மூலக்கூறுகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்ட நீர். மணப்பெண்ணின் கையைப் பிடித்துக் கண் கலங்கும் அத்தையைப் போல, இலை காலியாகக் கிடந்தாலும் இது லேசில் எழுந்து வராது. பருத்தி சாதாரண காற்றில்கூட தன் எடையில் சுமார் எட்டரை சதவீத நீரை வைத்துக்கொள்ளும், பட்டு பதினொரு சதவீதம். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூட இல்லை. அந்த வீட்டில் அத்தைகளே கிடையாது, அதனால்தான் அது ஓடி வந்து காய்கிறது.

ரேயான் குர்திக்கு வருவோம். ரேயானும் பருத்தியும் ஒரே செல்லுலோஸ்தான். ஆனால் கரைத்து மறுபடி இழையாக்கியதில் ரேயானின் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையாகி, அடுக்கும் தளர்ந்துவிட்டது. நனைந்தால் பருத்தி இன்னும் உறுதியாகும். சாதாரண ரேயான் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஈர ரேயானை முறுக்கிப் பிழிவதும், தோளில் இரண்டு க்ளிப் போட்டுத் தொங்கவிடுவதும் அதன் உருவத்தையே கெடுத்துவிடும். உலர்ந்த பூந்துவாலையை விரித்து, அதன்மேல் குர்தியைப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துவாலையின் நுண்குழல்கள் நீரை நீராகவே இழுத்துக்கொள்ளும். ஆவியாக்கும் செலவு அந்தப் பங்குக்கு இல்லை, இலையும் தேவையில்லை. அந்த ஈரத் துவாலையைக் காலையில் வெளி வராந்தாவில் போட்டுக்கொள்ளலாம். குர்தியை இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே, தூளி மாதிரி, எடை பரவும்படி போடுங்கள். பட்டு துப்பட்டாவுக்கும் இதே வழிதான். மழை விட்டு வெயில் வந்தாலும் பட்டை நிழலில்தான் போட வேண்டும், புற ஊதாக் கதிர் அதன் புரதத்தைச் சிதைத்து மஞ்சளாக்கும்.

உள்ளாடைகளில் வரும் அந்த வாடை சோப்பு போதாததால் வருவதல்ல. மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா ஈரத்துணியில் பெருகி உண்டாக்கும் ஒரு கொழுப்பு அமிலம்தான் இந்த ஈர நாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். துணி எத்தனை மணி நேரம் ஈரமாகக் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவம் அந்த நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. மேசையில் வைக்கும் குட்டி ஈர உறிஞ்சிகள் பலவற்றின் அட்டையிலேயே நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவில்தான் போட்டிருக்கும். தூங்கும் மூவர் விடும் ஒரு லிட்டருக்கு அது எந்த மூலைக்கு? சிலிக்கா ஜெல் பொட்டலம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வாங்கினாலே பெரிது. ஐம்பது கிராம் பொட்டலம் இரண்டு மேசைக்கரண்டி நீரைத் தாண்டாது.

அந்த மாணவி கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தது என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. உள்ளாடைகளை அவர்கள் துப்பட்டாவுக்கு அடியில் மறைத்துத்தான் போடுகிறார்களாம், யார் கண்ணிலும் படக்கூடாதாம். பெண்கள் விடுதிகளில் தலைமுறைகளாக இதுதான் வழக்கம், நம் வீட்டுக் கொடிகளிலும்தான். காற்றுப் படலத்தை மெலிதாக்க ஃபேன் படும் பாட்டை எல்லாம் அந்த ஒரு துணி தடுத்துவிடுகிறது. தோலோடு ஒட்டியிருக்க வேண்டிய துணி, அரை ஈரத்தில், இருட்டில், இரவு முழுக்கக் கிடக்கிறது. மறுநாள் அதையே அணிகிறார்கள். தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கு ஈரமும் புழுக்கமும்தான் வசதி. இதில் மாணவியரின் தவறு ஏதுமில்லை. வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி சாய்வுத் தட்டிகள் வைத்த ஜன்னலும், நாலு கொடியும், ஒரு ஃபேனும் கொண்ட ஒரு சிறு அறையை ஒவ்வொரு மாடியிலும் விடுதிகள் ஒதுக்க வேண்டும். புதிய விடுதிக்கு வரைபடம் போடுகிறவர்கள் குளியலறையோடு சேர்த்து இதையும் வரையலாம். செலவு அதிகமில்லை.

அதுவரை, உங்கள் அறையில் மூவரும் பேசிவைத்துக்கொண்டு, உள்ளாடைகளை எதையும் மேலே போர்த்தாமல், ஃபேனுக்கு நேர் கீழே, ஒன்றுக்கொன்று கை அகல இடைவெளி விட்டுப் போடுங்கள். காலையில் எடுத்ததும் இடுப்பு எலாஸ்டிக்கையும் தையல் மடிப்பையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், விரலைவிடக் கன்னத்துக்குக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். சில்லென்று இருந்தால் பந்தி இன்னும் முடியவில்லை. திரும்பக் கொடியிலேயே போட்டுவிடுங்கள்.