சுழன்று அடித்ததா, நேராக வீசியதா?

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் கோடைகால இடிமழை ஒன்று கூரைகளைப் பெயர்த்து மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுச் சென்றால், அடித்தது டொர்னாடோவா இல்லையா என்ற வழக்கு மறுநாளே ஊருக்குள் எழுந்துவிடும். இடிமேகத்தின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை நீண்டு கடும் வேகத்தில் சுழலும் காற்றுத் தூணே டொர்னாடோ எனப்படுகிறது. கடல்மேல் உருவாகிப் பல நூறு கிலோமீட்டர் பரப்பில் பரவும் புயல் வேறு, இது வேறு. சரக்கு ரயில் கடப்பது போன்ற இரைச்சல் கேட்டதாகவும், ஒரு வீட்டின் கூரை பறந்துபோயிருக்க அடுத்த வீட்டின் சன்னல் கண்ணாடிகூட உடையவில்லை என்றும் கூறி, வந்தது டொர்னாடோதான் என்று ஊர்மக்களில் பலர் உறுதியாக நம்புகின்றனர். ஆய்வுக்கு வரும் தேசிய வானிலைப் பணியகம் அதை 'நேர்கோட்டுக் காற்று' என்று அறிவித்துவிட்டால், தங்கள் இழப்பையே சிறிதாக்கிவிட்டதாக அவர்கள் மனம் நோகின்றனர்.

இந்த வழக்கு புதியதன்று. அயோவா மாநிலத்தின் வானிலைப் பணியை 1875இல் தொடங்கிய வேதியியலாளர் குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ், 1877 ஜூலை 31 அன்று அம்மாநிலத்தைக் கடந்த பெருங்காற்றை ஆராய்ந்து, சுழலாமல் நேராகப் பாயும் இத்தகைய காற்றையும் டொர்னாடோ என்றே எழுதுவது பிழை என்று வாதிட்டார். 'நேரான' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லைக் கொண்டு 1888இல் அவர் இதற்கு இட்ட பெயரே டெரேச்சோ என்பது. சுமார் நூறாண்டுகள் வழக்கொழிந்து கிடந்து 1980களில் மீண்டும் புழக்கத்துக்கு வந்த அப்பெயர், வரிசையாகத் திரண்ட இடிமேகங்கள் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்குத் தொடர்ந்து சேதம் விளைவித்துச் செல்லும் பெருங்காற்றை இன்று குறிக்கிறது.

சுழலாத காற்று இவ்வளவு வலிமை பெறுவது எவ்வாறு என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிட்டா. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 148 டொர்னாடோக்கள் தாக்கிய பின் வானிலிருந்து சேதங்களைப் பார்வையிட்ட அவர், மேற்கு வர்ஜீனியாக் காடு ஒன்றில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து நாற்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததைக் கவனித்தார். 1945இல் அணுகுண்டு வீசப்பட்ட நாகசாகியில் ஆய்வு செய்தபோதும் அத்தகைய ஒழுங்கை அவர் கண்டிருந்தார். மழைநீர் ஆவியாவதாலும் ஆலங்கட்டி உருகுவதாலும் குளிர்ந்து கனத்த காற்று, மேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, குழாயிலிருந்து தரையில் விழும் நீரைப் போல எல்லாத் திசைகளிலும் தெறித்துப் பரவுகிறது என்று அவர் முடிவு செய்தார். டவுன்பர்ஸ்ட் எனப்படும் இவ்விறங்குகாற்றை முதலில் ஐயத்துடன் நோக்கிய அறிஞர்களும், 1975இல் நியூயார்க்கில் தரையிறங்கும் வேளையில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் காட்டிய பிறகு, தொடர்ந்து நடந்த ரேடார் ஆய்வுகளின் வழியே அதை ஏற்றனர்.

ஆகவே ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது சேதத்தின் அளவையன்று, அதன் திசையை. டொர்னாடோ கடந்த பாதை குறுகி நீண்டிருக்கும். அதன் இருபுறமும் உள்ள மரங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டை நோக்கி உட்புறமாகச் சாய்ந்தும், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்தும் கிடக்கும். இறங்குகாற்றில் அவை ஒரே திசையிலோ விசிறிபோல் விரிந்தோ கிடக்கும். இவ்வகை முடிவான பின்னரே, 2007 முதல் நடைமுறையில் உள்ள மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலின்படி, வீடு, பள்ளி, மரம் முதலான 28 வகைப் பொருள்களில் ஏற்பட்ட சேதத்திலிருந்து டொர்னாடோவின் வேகம் கணிக்கப்படுகிறது. மணிக்கு 105 கிலோமீட்டரில் தொடங்கும் அதன் படிநிலைகளில் இறுதியானது 322 கிலோமீட்டருக்கும் மேற்பட்டதாகும்.

டொர்னாடோ என்றால் கொடியது, நேர்கோட்டுக் காற்று என்றால் எளியது என்ற எண்ணத்தை 2020 ஆகஸ்ட் 10 பொய்யாக்கியது. அன்று தெற்கு டகோட்டாவிலிருந்து ஒஹையோ வரை சென்ற டெரேச்சோவில், அயோவாவின் சீடார் ராபிட்ஸ் நகரில் வீசிய நேர்கோட்டுக் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் என மதிப்பிடப்பட்டது. நகரின் மரநிழலில் பாதிக்கும் மேல் அழிந்தது. அதே மேகவரிசை சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க் பகுதியில் உண்டாக்கிய டொர்னாடோவின் உச்ச வேகமோ சுமார் 177 கிலோமீட்டர்தான். ஒரே மேகவரிசை இருவகைக் காற்றையும் பிறப்பிக்கக்கூடும் என்பதால், அடுத்தடுத்த இரு தெருக்களில் வாழ்வோர் எதிரெதிராகச் சொல்வதும் சில வேளைகளில் உண்மையாகவே இருக்கும்.

கண்ணும் காதும் இவ்வழக்கைத் தீர்க்கப் போதுமானவை அல்ல. எந்தக் கடுங்காற்றும் ரயிலைப் போல இரையும். இரவிலும் அடர்மழைத் திரைக்குப் பின்னும் சுழல்தூண் தென்படாது. காற்றின் திசையை உணரும் டாப்ளர் ரேடாருக்கும் எல்லையுண்டு: பூமியின் வளைவினாலும் கதிர் மேல்நோக்கிச் செல்வதாலும், 100 கிலோமீட்டருக்கு அப்பால் அது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தையே காண்கிறது, சில நிமிடங்களே நீடிக்கும் சிறு டொர்னாடோ அதற்கும் கீழே தோன்றி மறைந்துவிடலாம். எனவே, வீழ்ந்த மரங்களை அறுத்து அகற்றுமுன், அவை கிடந்த திசை விளங்குமாறு ஊர்மக்கள் எடுத்து வைக்கும் படங்கள் ஆய்வாளருக்குப் பெருந்துணையாகின்றன.

பெயரைத் துல்லியமாக முடிவு செய்வது, எவ்வகை மேகத்தில் எவ்வகைக் காற்று பிறக்கிறது என்ற பதிவைச் செம்மையாக்கி, அடுத்த முன்னறிவிப்பைத் திருத்துகிறது. காற்றுக்கு எதிரே நிற்பவருக்கோ அப்பெயரால் பயனில்லை. டொர்னாடோ எச்சரிக்கைகள் கைபேசிகளில் ஒலித்துவந்த நிலையில், மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டரைத் தொடும் இடிமழைக் காற்றுக்கும் அத்தகைய அவசர அறிவிப்பு தானாகவே செல்லும் முறையைத் தேசிய வானிலைப் பணியகம் 2021 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தியது. காற்றின் வகையை மறுநாள் ஆராயலாம், தஞ்சம் புகுவதை அவ்வாறு தள்ளிவைக்க முடியாது என்பதே அம்மாற்றத்தின் பொருள்.