மாசுக்காற்றுக் கோட்பாடும் இலண்டன் நகரக் கழிவுநீர்ச் சீர்திருத்தமும் (1842–1866)

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் கழிவுநீர்ச் சீர்திருத்தத்தை அறிவியலின் வெற்றியாக எடுத்துரைப்பது பெருவழக்கு. அவ்வெற்றியை ஈட்டியோருள் பலர் நோய் பரவும் முறையைத் தவறாக உணர்ந்திருந்தனர் என்பது அவ்வழக்கில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அழுகும் பொருள்களிலிருந்து எழும் ஆவியே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் காரணம் என்ற கருத்து அன்று ‘மியாஸ்மா’ எனப்பட்டது. தமிழில் இதனை மாசுக்காற்றுக் கோட்பாடு எனலாம். (நச்சுக்காற்று என்னும் சொல் இன்று ஆலைப்புகையையும் குறிப்பதால் இங்குத் தவிர்க்கப்படுகிறது.) இக்கோட்பாடு எவற்றைச் செய்வித்தது, எவற்றை மறைத்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சாட்விக் அறிக்கை

எட்வின் சாட்விக் மருத்துவர் அல்லர்; 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். தொழிலாளர் வாழிடங்களின் சுகாதார நிலை குறித்து 1842இல் அவர் வெளியிட்ட அறிக்கை, இறந்தோரின் சராசரி வயதை வகுப்புவாரியாகப் பட்டியலிட்டது. மான்செஸ்டரில் உயர்குடியினர்க்கு 38, வணிகர்க்கு 20, தொழிலாளர்க்கு 17. நாட்டுப்புறமான ரட்லண்டில் இவை முறையே 52, 41, 38. ஆலை நகரத்து உயர்குடியினர் எட்டிய வயதையே நாட்டுப்புறத்துக் கூலியாள் எட்டினார் என்ற இவ்வொப்பீடு, செல்வமும் நகரத்தில் காப்பாகாது என்று ஆள்வோரை உணரச் செய்தது.

எனினும் இவ்வளவீடு குறையுடையது. இறந்தோரின் சராசரி வயது என்பது ஆயுள் எதிர்பார்ப்பு ஆகாது. குழந்தைகள் மிகுந்த மக்கள்தொகையில் இறப்போருள்ளும் குழந்தைகள் மிகுவர். சராசரி தானே தாழும். எஃப். ஜி. பி. நெய்சன் 1844இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். கணக்கு பிழைபட்டாலும் நகரத் தொழிலாளர் விரைவில் மாண்டனர் என்ற உண்மை அதனால் மாறிவிடவில்லை.

இதனினும் ஆழ்ந்த கருத்து வேறுபாடு காரணம் பற்றியது. எடின்பரோவின் மருத்துவர் டபிள்யூ. பி. அலிசன், வறுமையும் பட்டினியுமே உடலை நோய்க்கு ஆட்படுத்துகின்றன என்றார். சாட்விக்கோ நோயே வறுமையை விளைவிக்கிறது என்று காரண காரியத்தைத் திருப்பிவைத்தார். அலிசனை ஏற்றால் கூலி, உணவு, வறியோர் சட்டம் ஆகிய மூன்றையும் மறுஆய்வு செய்தாக வேண்டும்; சாட்விக்கை ஏற்றால் குழாய் பதித்தால் போதும். வறியோர் சட்டத்தின் சிற்பிக்கு இரண்டாம் வழி உவப்பானதில் வியப்பில்லை. மாசுக்காற்றுக் கோட்பாட்டின் அரசியற்பயன் இங்கேதான் உள்ளது.

ஆற்றில் கலந்த கழிவு

நாற்றமே நோய் எனின், நாற்றப்பொருளை வீட்டிலிருந்து விரைந்து அகற்றுவதே மருந்தாகும். 1848க்குப் பின் இலண்டன் வீடுகளின் மலக்குழிகள் மூடப்பட்டு, கழிவு சாக்கடைகள் வழியே தேம்ஸ் ஆற்றில் விடப்பட்டது. ஆனால் குடிநீர் நிறுவனங்கள் பலவும் அதே ஆற்றிலிருந்தே நீர் எடுத்தன. 1848–49இல் வந்த வாந்திபேதியில் இலண்டனில் சுமார் 14,000 பேர் மாண்டனர். கழிவை அகற்றிய நடவடிக்கையே அதனைக் குடிநீரில் சேர்க்கவும் துணைபோயிற்று. கோட்பாட்டுப் பிழை இங்கு ஏட்டளவில் நிற்கவில்லை.

ஜான் ஸ்நோவின் ஆய்வு

நோய் நீர்வழிப் பரவுகிறது என்று ஜான் ஸ்நோ 1849இல் எழுதினார். 1854 செப்டம்பர் 8 அன்று பிராடு தெருவின் அடிகுழாய்க் கைப்பிடி அகற்றப்பட்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. ஆயினும் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. சான்று என்ற வகையில் அந்நிகழ்ச்சி வலுவுடையதன்று.

அவருடைய தென்இலண்டன் ஆய்வே வலிமை மிக்கது. அங்குச் சில பகுதிகளில் ஒரே தெருவிலேயே இரு நிறுவனங்களின் குழாய்கள் கலந்து சென்றன. லாம்பெத் நிறுவனம் 1852இல் நீரெடுக்கும் இடத்தை நகருக்கு மேற்புறமுள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியிருந்தது. சதர்க்–வாக்சால் நிறுவனம் நகர்க்கழிவு கலந்த பகுதியிலேயே எடுத்துவந்தது. 1854இல் நோயின் முதல் ஏழு வாரங்களில் பின்னதன் 40,046 வீடுகளில் 1,263 பேரும், முன்னதன் 26,107 வீடுகளில் 98 பேரும் இறந்தனர். பத்தாயிரம் வீடுகளுக்கு 315, 37 என்பது விகிதம். அண்டை வீட்டார் சுவாசித்தது ஒரே காற்று. குடித்த நீரே வேறு. மாசுக்காற்றுக் கோட்பாட்டால் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. எனினும் 1855இல் பொதுச் சுகாதார வாரியத்தின் அறிவியற்குழு ஸ்நோவின் முடிவை ஏற்கவில்லை.

பசல்கெட்டின் பணி

1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் ஆற்றோரத்து நாடாளுமன்றத்தை எட்டியது. சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் நிதிக்கு வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. ஆயிரக்கணக்கானோரின் சாவு அசைக்காத அவையை நாற்றம் அசைத்தது. ஸ்நோ அக்கோடையின் ஜூன் மாதத்திலேயே இறந்துவிட்டார்.

பொறியாளர் ஜோசப் பசல்கெட் ஆற்றுக்கு இணையாக 82 மைல் நீளத்திற்கு இடைமறிப்புச் சாக்கடைகளை அமைத்தார். பழைய சாக்கடைகள் ஆற்றை அடையுமுன் அவை கழிவை ஏந்திக் கிழக்கே பெக்டனுக்கும் கிராஸ்னஸுக்கும் கொண்டுசென்றன. அங்கே வற்றுப்பெருக்கில் அது கடல்நோக்கி விடப்பட்டது. நோக்கம் நாற்றம் நீக்கல், விளைந்தது நீர்த்தூய்மை.

இதனை உறுதிப்படுத்தியது 1866இன் வாந்திபேதி. இலண்டனில் இறந்த ஏறத்தாழ 5,600 பேருள் பெரும்பாலோர், இடைமறிப்பு அமைப்பு நிறைவுறாத கிழக்குப் பகுதியினர். புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், முன்பு நிலத்தின் உயரம் குறையக் குறைய இறப்பு கூடுகிறது எனக் கணக்கிட்டு மாசுக்காற்றுக்குத் துணைநின்றவர். தாழ்நிலத்தார் குடித்ததும் மாசுமிக்க நீரே என்பது அக்கணக்கில் மறைந்திருந்தது. 1866இல் அவரே கிழக்கு இலண்டன் நீர் நிறுவனத்தின் வடிகட்டாத நீரைக் காரணமாகக் கண்டார். கிருமியை இராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் 1883–84இல் இனங்கண்டது இதற்குப் பின்னரே.

பெக்டனிலும் கிராஸ்னஸிலும் கழிவு சுத்திகரிக்கப்படாமலேயே ஆற்றில் கொட்டப்பட்டது. 1878இல் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்னும் பயணக் கப்பல் அவ்விடத்தருகே மூழ்கியபோது, 600க்கும் மேற்பட்டோர் அக்கழிவுநீரிடையே உயிரிழந்தனர். கசடைப் பிரித்துக் கப்பலேற்றிக் கடலில் கொட்டும் முறை 1887இல் தொடங்கிற்று.