நெல்வயலின் சிறு வேட்டைக்காரன்

நெற்பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கமக்காரர் நன்கறிவர்; அப்பூச்சிகளைத் தின்று வாழும் பூச்சிகளை அறிந்தவரோ சிலரே. அவ்வாறு அறியப்படாதனவற்றுள் ஒன்று தரைவண்டு. உலகெங்கணும் ஏறக்குறைய 40,000 இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் இதனுடையது.

ஓட்டத்திற்கேற்ற நீண்ட கால்களும், முன்னோக்கிய கூரிய தாடைகளும், முதுகை மூடிய கடினமான முன்சிறகுகளும் இக்குடும்பத்தின் பொது அடையாளங்களாகும். இவற்றுட் பல பகலிற் கல்லின் கீழும் சருகின் கீழும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் வேட்டைக்குப் புறப்படுவன. பிடித்த இரையின்மீது சீரண நீரை உமிழ்ந்து, கரைந்த ஊனை உறிஞ்சி உண்பனவும் உள. பகை நெருங்கின், வயிற்றின் பின்முனையிலுள்ள சுரப்பிகளிலிருந்து காரமான நீரை வெளியிட்டுத் தம்மைக் காத்துக்கொள்ளும்.

ஆசிய நெல்வயல்களில் வாழும் ஒபியோனியா என்னும் தரைவண்டு, ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நீளமே உடையது. செங்கபில நிறங்கொண்ட இவ்வண்டு தரையில் மட்டும் நில்லாது பயிரின்மீதும் ஏறி இரை தேடும். இலைச்சுருட்டிப் புழு நெல்லிலையின் இரு விளிம்புகளையும் நூலாற் பிணைத்து, அக்குழலினுள் மறைந்திருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். அம்மறைவிடத்தினுள்ளேயே ஒபியோனியா புகுந்து அதனைக் கொன்றுண்ணும். வளர்ந்த வண்டு மட்டுமன்றி, கறுத்து மினுங்கும் அதன் குடம்பியும் அவ்வாறே வேட்டையாடும். நாளொன்றுக்கு ஒன்று 3 முதல் 5 புழுக்கள் வரை உண்ணும். வளர்ந்தவை தத்திகளையும் பிடிக்கும். நீர் நிற்கும் வயல்களிற் குடம்பி, வரம்பு மண்ணிலே கூட்டுப்புழுவாகின்றது. ஆகவே, வரம்பு நீரைத் தேக்கும் அணை மட்டுமன்று. இவ்வண்டு உருமாறும் இடமுமாகும்.

இத்தகைய நண்பர்களை இழந்தால் விளைவது யாது? இந்தோனேசியா இதற்குச் சான்று. அங்கு 1970களில் நெல்லுக்குக் கிருமிநாசினி பெருமளவிற் பயன்படுத்தப்பட்டது. எனினும், கபிலநிறத் தத்தி பெருகிப் பயிரை அழித்தது. தத்தி தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே இடுவதால், அவற்றுட் பல நஞ்சுக்குத் தப்பின. வெளியே திரிந்த சிலந்தி, தரைவண்டு முதலிய வேட்டையுயிர்களோ மடிந்தன. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளைத் தடுப்பார் இல்லாதொழிந்தனர். 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 கிருமிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அதனால் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

பூச்சி கண்டவுடன் நஞ்சு தெளிப்பது, களவு நடந்த வீட்டிற் காவலாளியையும் சேர்த்துக் கொல்வது போன்றதன்றோ? தெளிகருவியைத் தோளிலேற்றுமுன் மடிந்த இலைகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தல் நன்று. உள்ளே இருப்பது மஞ்சள் கலந்த பச்சைநிறப் புழுவாயின், அது பயிரின் பகை. கறுத்து மினுங்கிக்கொண்டு விரைந்தோடும் குடம்பியாயின், அதனை அதன் வேலையைச் செய்ய விட்டுவிடலாம்.