மேகமும் மழையும்: ரேடார் காணும் வேறுபாடு

பழந்தமிழில் 'மழை' என்னும் சொல் மேகத்தையும் குறித்தது. அதிலிருந்து பொழியும் நீரையும் குறித்தது. முகில், கொண்டல், எழிலி, மஞ்சு என மேகத்திற்குத் தனிப் பெயர்கள் பல இருந்தும் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்ட நம் முன்னோர் தயங்கவில்லை. இன்றைய வானிலை ரேடாரோ இவ்விரண்டையும் முற்றிலும் வெவ்வேறாகவே காண்கிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி, புயற்காலத்தில் நம் கைப்பேசித் திரையில் தோன்றும் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணப் படங்களின் பொருளை நாம் அறிதல் இயலாது.

இரண்டாம் உலகப் போரில் பகை விமானங்களைத் தேடிய ரேடார் திரைகளில் மழையும் தென்பட்டது. படையினருக்கு அஃது இடையூறு. வானிலை அறிஞரோ அதனையே கருவியாக்கிக் கொண்டனர். ரேடார் நுண்ணலைகளைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. எதிர்ப்படும் மழைத்துளிகள் அவ்வலையின் மிகச் சிறு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. 150 கி.மீ. தொலைவிலுள்ள மழையைத் தொட்டு மீள அலைக்கு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். மீளும் நேரம் தொலைவைச் சொல்லும். மீளும் அலையின் வலிமை மழையைச் சொல்லும். இரண்டாவது செய்தியில்தான் சிக்கல் இருக்கிறது.

துளியின் விட்டம் இருமடங்கானால் அதன் நீர் எட்டு மடங்காகும். எதிரலையோ 64 மடங்காகும். 2 மி.மீ. துளி ஒன்றும் 1 மி.மீ. துளிகள் அறுபத்து நான்கும் ரேடாருக்கு ஒன்றே. நீரின் அளவிலோ பின்னது எட்டு மடங்கு! மேகத்துளி இன்னும் சிறியது. அதன் விட்டம் ஏறத்தாழ 0.02 மி.மீ. அத்தகைய 1,25,000 துளிகளின் நீர் 1 மி.மீ. மழைத்துளி ஒன்றுக்குப் போதும். ஆனால் அவ்வொரு துளி தரும் எதிரலைக்கு ஈடாக 1,500 கோடிக்கும் மேற்பட்ட மேகத்துளிகள் வேண்டும். நம் கண்ணுக்கு மலைபோல் நிற்கும் வெண்முகில், 10 செ.மீ. அலைநீளமுள்ள ரேடாருக்கு ஏறக்குறைய வெற்று வானமே.

மேகத்தையே காண வேண்டின் சில மில்லிமீட்டர் அலைநீளம் தேவை. 2006இல் ஏவப்பட்ட கிளவுட்சாட், 2024இல் ஏவப்பட்ட எர்த்கேர் ஆகிய செயற்கைக்கோள்கள் அத்தகைய ரேடாரைச் சுமந்து சென்றவை. எல்லாவற்றுக்கும் அதனையே பயன்படுத்தலாகாதா என மாணவர் வினவக்கூடும். கனமழை அச்சிற்றலைகளை வழியிலேயே விழுங்கிவிடும். அதற்கு அப்பால் உள்ளது தெரியாது. வங்கக் கடற்புயலை நோக்கச் சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் 10 செ.மீ. அலையைக் கையாள்வதன் காரணம் இதுவே. அது மீளும் அலையின் அதிர்வு மாற்றத்தைக் கொண்டு, துளிகள் நெருங்கும் அல்லது விலகும் வேகத்தையும் உரைக்கும்.

எதிரலையை மழையளவாக மாற்றும் சமன்பாடொன்றை மார்ஷல், பால்மர் என்னும் அறிஞர்கள் கனடாவில் 1948இல் வகுத்தனர். குளிர்நாட்டு மழைத்துளிகளை அளந்து கண்ட அவ்விதி நம் வடகிழக்குப் பருவமழைக்கு அப்படியே பொருந்தும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அது தரையிலுள்ள மழைமானி தந்த அளவு. மானிகளுக்கு இடைப்பட்ட ஊர்களிலும், ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பிலும் பெய்ததை அறிய ரேடாரே துணை. அதனைத் திருத்திக் கொள்ளவோ மானிகளே துணை.

தொலைவு கூடக் கூட வேறொரு குறையும் சேர்கிறது. பூமி வளைந்திருப்பதால், அரைப் பாகை உயர்த்தி அனுப்பிய அலை 250 கி.மீ. அப்பால் ஏறத்தாழ 6 கி.மீ. உயரத்தில் செல்கிறது. நம் பகுதியில் அவ்வுயரத்தில் பெரும்பாலும் உள்ளவை பனித்துகள்கள். அவை 5 கி.மீ. உயரத்தை ஒட்டி உருகத் தொடங்கும்போது நீர்ப்போர்வை போர்த்துப் பெருந்துளிபோல் நடிக்கும். திரையில் அவ்விடம் மட்டும் மிகையாக ஒளிரும். ஆகவே, தொலைவில் தெரியும் சிவப்பு அனைத்தும் தரையில் பெய்யும் பெருமழை என்று கொள்ளலாகாது.

இக்குறைகளைத் தீர்க்க வந்தது இருமுனைவாக்க ரேடார். விழும் பெருந்துளி, ஓவியர் தீட்டுவதுபோல் கூர்நுனி கொண்டதன்று. அடியில் காற்று தாங்குவதால் தட்டையாகிறது. கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இருவகை அலைகளை அனுப்பினால், தட்டைத் துளி கிடையலையையே மிகுதியாகத் திருப்பும். அவ்வேற்றுமையிலிருந்து துளியின் பருமனை உய்த்துணரலாம். புரண்டு விழும் ஆலங்கட்டியையும் மழையினின்று பிரித்தறியலாம்.