மூளையின் அரணும் ஊசிமுனையும்

1885ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் குருதியில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடலுறுப்புகள் நிறம் ஏறின. மூளை மட்டும் வெளிறியே இருந்தது. அதன் காரணத்தை அவர் சரியாக உணரவில்லை. மூளையிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமாக அமைந்திருப்பதைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். கோட்டை மதில் போன்ற இவ்வமைப்பைக் குருதி–மூளை அரண் என்பர். குருதியில் கலக்கும் கிருமிகளுள் பெரும்பாலானவை இதனைக் கடப்பதில்லை.

போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொள்வோர்க்கு இவ்வரண் சில வேளைகளில் பயன்படாமற் போகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா பலருடைய தோலில் தீங்கின்றி வாழ்கிறது. தூய்மையற்ற ஊசி அதனை நேரே குருதிக்குள் கொண்டு சேர்க்கிறது. அது இதயத்தின் அடைப்பிதழில் ஒட்டிப் பெருகும். இதயத்தின் இடப்பக்கத்தில் அவ்வாறு திரண்ட கிருமித் திரளிலிருந்து ஒரு துணுக்குப் பிய்ந்து மூளையின் குழாயை அடைத்தால், அச்சுவர் சிதைந்து அவ்விடத்தில் சீழ்க்கட்டி உண்டாகும். கையில் குத்திய ஊசி மூளையில் புண்ணாவது இவ்வாறுதான்.

மற்றொரு வழி மெதுவானது. 1990ஆம் ஆண்டையொட்டி மணிப்பூரில் ஹெராயின் ஊசியைப் பகிர்ந்துகொண்ட இளைஞரிடையே எச்.ஐ.வி. விரைந்து பரவியது. அது உடலின் எதிர்ப்பாற்றலைச் சிதைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதன்பின், புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சைகூட மூளையுறையைத் தாக்கிவிடும். நலமுள்ளோர் அதனைச் சுவாசித்தாலும் பெரும்பாலும் நோயுறுவதில்லை.

தலைவலி, காய்ச்சல், வாந்தி, குழறும் பேச்சு, மீளா உறக்கம் ஆகியன இந்நோய்களின் அறிகுறிகள். "போதையில் கிடக்கிறான்" என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. நோயாளியோ பழிக்கு அஞ்சி, ஊசிப் பழக்கத்தை மருத்துவரிடமே மறைப்பார். நோயைவிடக் கொடியது இந்த மறைப்பு. உண்மை தெரிந்தால் மருத்துவர் குருதியைச் சோதிப்பார்; தலையை ஸ்கேன் செய்து பார்ப்பார். சீழ்க்கட்டிக்குப் பல வாரங்கள் மருந்து செலுத்த வேண்டும். சிலருக்கு மண்டையோட்டில் துளையிட்டுச் சீழை அகற்றுவர். பிழைத்தவர் சிலருக்கு வலிப்பு நோய் எஞ்சும்.

மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களில் தூய ஊசி வழங்கும் மையங்கள் இயங்குகின்றன. ஊசியைக் கைவிட விரும்புவோர்க்கு நாவின்கீழ் வைக்கும் மாற்று மருந்தும் தரப்படுகிறது. இது போதைக்குத் துணைபோவது என்று குறை கூறுவோர் உளர். ஆயினும் பலரும் ஒதுக்கிய ஒருவரிடம், "காய்ச்சல் உண்டா?" என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.