மோட்டார் வண்டியில் மானி பொருத்துதல்

1956 ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியில் எண்ணெயின் அமுக்கம் வீழ்ந்ததைச் சிறு விளக்கொன்றே உணர்த்தும். அது படிப்படியாகக் குறைந்துவருதலை உணர்த்தாது. ஆதலின் சிலர் அமுக்கமானியொன்றைப் பூட்டுவர். எனினும், தனி அடிச்சட்டமின்றி உருக்குத் தகட்டுடலே பாரத்தைச் சுமக்கும் அவ்வண்டியிற் கண்டவிடமெல்லாம் துளையிடல் தகாது. துளையின் விளிம்பிற் பூச்சு நீங்கித் துருப் பற்றும்; முன்கண்ணாடித் தூணைத் துளைப்பின் வலிமையுங் குன்றும். முகப்பின்கீழே பொருள் வைக்குந் தட்டைப் பிணைத்துள்ள திருகாணியிலேயே சிறு தாங்கியொன்றை இணைத்தல் சாலும். எண்ணெய்க் குழாயை, மின்கம்பிகள் செல்லும் பழைய துவாரத்தின் வழியே, றப்பர் வளையத்தினூடாகச் செலுத்துக. தகட்டில் உராய்ந்து அக்குழாய் அறுமாயின், சூடேறிய எண்ணெய் சாரதியின் காலிலே பாயும். எஞ்சினும் எண்ணெயின்றி அழியும். விளக்கின் ஆளியைக் கழற்றிவிடாது, முக்கிளை இணைப்பொன்றால் மானியோடு சேர்த்தே வைத்தல் வேண்டும். வீதியை விடுத்து மானியையே நோக்கியிருக்கும் சாரதி எவருளர்?