‘ஈடி’க்கு எத்தனை ஒலி?

ஆங்கில வினைச்சொல் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டு ஒப்பித்த ‘கோ, வென்ட், கான்’ நினைவுக்கு வரும். மூன்று பத்தி கொண்ட அந்த அட்டவணையில் இருப்பவை எல்லாம் ஒழுங்கற்ற வினைகள். மற்ற வினைகளுக்குக் கிடைப்பது ஒரே வரிதான்: “கடைசியில் ஈடி சேர்த்துக்கொள்.” ஆங்கிலத்தின் ஆயிரக்கணக்கான வினைகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அதனாலேயே அதை விளக்க யாரும் மெனக்கெடுவதில்லை. விளக்க வேண்டியதோ அதில்தான் ஏராளமாக இருக்கிறது.

ஓர் ஒழுங்கு வினைக்கு நான்கே வடிவங்கள்: வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். நிகழ்காலத்தில் நான், நீ, நாங்கள், அவர்கள் எல்லோருக்கும் ‘வாக்’. அவன், அவள், அது என்னும் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ‘வாக்ஸ்’. இறந்தகாலத்தில் இந்த வேறுபாடும் இல்லை. நடந்தேன், நடந்தாய், நடந்தாள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்துப் பழகிய நமக்கு இந்தச் சிக்கனம் வியப்பாக இருக்கும். பழைய ஆங்கிலத்திலும் ஆளுக்கேற்ற விகுதிகள் இருக்கத்தான் செய்தன. நூற்றாண்டுகளில் அவை தேய்ந்துபோக, மிஞ்சியது அந்த ‘எஸ்’ மட்டுமே. அதுவும் வட இங்கிலாந்துப் பேச்சிலிருந்து மெல்லத் தெற்கே பரவியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் அந்த இடத்தில் ‘எத்’ என்ற பழைய விகுதிதான் நிற்கிறது.

இனி ‘ஈடி’க்கு வருவோம். எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இந்த இறந்தகால விகுதிக்கு ஒலி மூன்று. விரலைக் குரல்வளையில் வைத்துக்கொண்டு ‘ஃப்ஃப்ஃப்’ என்று ஊதிப் பாருங்கள்; அதிர்வு இருக்காது. உதட்டையும் பல்லையும் அதே நிலையில் வைத்து ‘வ்வ்வ்’ என்று சொல்லுங்கள். விரலடியில் குரல்வளை துடிக்கும். சிரிப்பதைக் குறிக்கும் ‘லாஃப்’ அதிர்வில்லாமல் முடிகிறது. ஆகவே அதோடு சேரும் விகுதியும் அதிர்வில்லாத ‘ட்’, ஏறக்குறைய நம் ‘பட்டம்’ என்ற சொல்லில் வருவதுபோல. ‘லவ்’ அதிர்வோடு முடிகிறது. அதனால் விகுதியும் அதிர்கிறது, ‘படம்’ என்பதில் வரும் டகரம்போல. தமிழில் ஒரே டகரம் இடத்துக்கு ஏற்ப இரண்டு விதமாக ஒலிப்பதை நாம் யாரும் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆங்கிலேயரும் அப்படித்தான், தம்மை அறியாமலேயே இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

மூன்றாவது ஒலி, ‘டி’யிலோ (d) ‘டீ’யிலோ (t) முடியும் வினைகளுக்கு உரியது. ‘வாண்ட்’, ‘நீட்’ ஆகியவற்றோடு இன்னொரு ‘ட்’டை ஒட்டினால் காதில் தனியாக விழாது. எனவே இடையில் ஓர் உயிரொலி நுழைந்து வாண்டிட், நீடிட் ஆகிறது. தனி அசை பிறப்பது இந்த வகைக்கு மட்டும்தான். ‘வாக்கெட்’, ‘லுக்கெட்’ என்று நம்மவர் பலர் உச்சரிப்பதற்குக் காரணம் நாக்கின் குறை அல்ல. எழுத்தைக் காட்டி, ஒலியைச் சொல்லித்தராத பாடமுறைதான். படர்க்கையின் ‘எஸ்’ஸும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்: ‘வாக்ஸ்’ அதிராது, ‘பிளேஸ்’ அதிரும், ‘வாட்சிஸ்’ தனி அசை பெறும்.

ஒரு காலத்தில் எல்லா ‘ஈடி’க்கும் அந்த அசை இருந்தது. கவிஞர் சாசர் வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டில் அதைப் பொதுவாக முழுதாகவே ஒலித்தார்கள். பேச்சு வேகத்தில் உயிரொலி கரைந்தது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1712-இல் ஆங்கிலத்தைச் சீர்திருத்தக் கோரி எழுதிய நூலில், கவிஞர்கள் இப்படி உயிரெழுத்தை விழுங்கி மெய்களை நெருக்குவது காதுக்குக் கொடுமை என்று கண்டித்தார். மொழி அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆனாலும் பழைய ஒலியின் தடம் சில இடங்களில் உண்டு. ‘கற்றான்’ என்ற பொருளில் ‘லர்ன்ட்’ என்று ஓரசையாக வரும் சொல், கற்றறிந்த அறிஞரைக் குறிக்கும்போது ‘லர்னிட்’ என்று ஈரசையாகிறது.

‘ஈடி’யின் இந்த மூவொலி விதி குழந்தையின் மூளைக்குள் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது குழந்தை தான் கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்கிறதா? 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு அழகான சோதனை ஒன்றை வெளியிட்டார். ‘ரிக்’ என்பது அவராகப் புனைந்த வினை. படத்தில் ஒருவர் எதையோ செய்கிறார். இவர் ரிக் செய்கிறார், நேற்றும் அதையே செய்தார் என்று சொல்லி, வாக்கியத்தின் முடிவைக் குழந்தையிடம் விட்டுவிடுவார். அதுவரை கேட்டிராத ‘ரிக்ட்’ என்ற சொல்லைப் பெரும்பாலான குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ‘மாட்’ என்ற இன்னொரு புனைவினையைக் கொடுத்தபோது பலர் ‘மாட்’ என்றே விட்டுவிட்டார்கள். ‘ட்’டில் முடியும் சொல் ஏற்கெனவே விகுதி பெற்றதுபோல அவர்கள் காதில் ஒலித்திருக்க வேண்டும். மூன்றாவது ஒலிதான் கடைசியாகக் கைவருகிறது.

புதிதாகப் பிறக்கும் வினைகளும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. ‘கூகுள்’ வினையானபோது அதன் இறந்தகாலம் என்ன என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. பழைய வினைகளும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் சாய்கின்றன. ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மேன் குழுவினர் 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றிருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்தது. இன்றும் அப்படியே நிற்பவை 98. ‘ஹெல்ப்’ கூட ஒழுங்குக்கு மாறிய வினைதான். நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக மாறுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. ‘கோ’வும் ‘பீ’யும் தப்பித்திருப்பது நாள் முழுக்க வாயில் புழங்குவதால்தான். அடுத்து மாறக்கூடியது என்று அவர்கள் சுட்டியது, திருமணம் செய்துகொள்வதைக் குறிக்கும் ‘வெட்’. ‘டி’யில் முடிவதால் அதற்குரியது மூன்றாவது ஒலி, ‘வெடிட்’ என்று இப்போதே பலர் சொல்கிறார்கள்.